பேட்டில் சிட்டி: டேங்க் விளையாட்டும் சேகரிப்பாளர்களிடம் அதன் மதிப்பும்

பேட்டில் சிட்டி என்பது ஜப்பானைச் சேர்ந்த நாம்கோ நிறுவனம் 1985 செப்டம்பர் 9 அன்று வெளியிட்ட வீடியோ கேம் ஆகும். நின்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் என்னும் வீட்டு விளையாட்டுக் கருவிக்காக இது உருவாக்கப்பட்டது. போர்க்களம் முழுவதையும் மேலிருந்து பார்ப்பது போன்ற கோணத்தில் காட்டி, அதில் எதிரிகளைச் சுடும்படி அமைந்த விளையாட்டுகளின் வகையைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 1990களில் வளர்ந்தவர்கள் இதை 'டேங்க் கேம்' என்ற பெயரிலேயே அறிவார்கள். பேட்டில் சிட்டி என்ற அசல் பெயர் அவர்களில் பலருக்குத் தெரியாது.

பழைய வீடியோ கேம்கள் ஏலத்தில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விலைபோன செய்திகள் வெளிவந்த பிறகு, வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கேசட்டுக்கும் அப்படி விலை கிடைக்குமா என்று கேட்பவர்கள் அதிகரித்துள்ளனர். இக்கட்டுரை பேட்டில் சிட்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு பழைய விளையாட்டின் விலை எவ்வாறு அமைகிறது, அசலையும் நகலையும் எப்படிப் பிரித்தறிவது, விலை இல்லாத கேசட்டுக்கும் ஏன் மதிப்பு உண்டு என்பவற்றை விளக்குகிறது.

விளையாட்டின் அமைப்பு

திரையின் கீழ்ப்பகுதியில் நடுவே கழுகுச் சின்னம் ஒன்று இருக்கும். அதுவே ஆட்டக்காரரின் தலைமையிடம். அதைச் சுற்றிச் செங்கல் சுவர் உண்டு. திரையின் மேற்பகுதியிலிருந்து எதிரி டேங்குகள் ஒவ்வொன்றாக வரும். ஒரு கட்டத்தில் மொத்தம் 20 எதிரி டேங்குகள். அவை அனைத்தையும் அழித்தால் அடுத்த கட்டத்துக்குச் செல்லலாம். கழுகுச் சின்னத்தின் மீது ஒரு குண்டு பட்டாலும் ஆட்டம் முடிந்துவிடும். அந்தக் குண்டு ஆட்டக்காரர் தவறுதலாகச் சுட்டதாக இருந்தாலும் முடிவு அதுதான்.

களம் 13 வரிசை, 13 நிரல் கொண்ட 169 கட்டங்களால் ஆனது. அவற்றில் ஐந்து வகை நிலப்பரப்புகள் வருகின்றன. செங்கல் சுவர் குண்டு பட்டால் உடையும். எஃகுச் சுவர் சாதாரண குண்டுக்கு உடையாது. தண்ணீரை டேங்க் கடக்க முடியாது. ஆனால் குண்டு கடந்து செல்லும். புதர் டேங்கை மறைக்கும். பனிக்கட்டியில் டேங்க் வழுக்கும்.

எதிரி டேங்குகள் நான்கு வகை. சாதாரண டேங்குக்கு 100 புள்ளிகள், வேகமான டேங்குக்கு 200, விரைந்து சுடும் டேங்குக்கு 300, நான்கு குண்டுகள் பட்டால்தான் அழியும் கவச டேங்குக்கு 400. ஒவ்வொரு கட்டத்திலும் 4, 11, 18 ஆவதாக வரும் டேங்குகள் மின்னிக்கொண்டே வரும். அவற்றைச் சுட்டால் களத்தில் ஒரு பரிசுப் பொருள் தோன்றும். நட்சத்திரம் நமது டேங்கின் ஆற்றலைக் கூட்டும்; மூன்று நட்சத்திரங்கள் பெற்றவர் எஃகுச் சுவரையும் உடைக்கலாம். மண்வாரி கழுகைச் சுற்றியுள்ள செங்கலைச் சிறிது நேரத்துக்கு எஃகாக மாற்றும். கடிகாரம் எதிரிகளை அசையாமல் நிறுத்தும். கையெறி குண்டு திரையில் உள்ள எதிரிகள் அனைவரையும் அழிக்கும். தலைக்கவசம் சிறிது நேரம் பாதுகாப்பு தரும். டேங்க் படம் கூடுதல் உயிர் ஒன்றைத் தரும்.

இருவர் ஒரே நேரத்தில் ஒரே அணியாக ஆடலாம் என்பது இதன் சிறப்பு. ஒருவருக்கு மஞ்சள் டேங்க், மற்றவருக்குப் பச்சை டேங்க். ஒருவர் சுட்ட குண்டு மற்றவர் மீது பட்டால் அவர் இறப்பதில்லை. சிறிது நேரம் அசைய முடியாமல் நிற்பார். அண்ணன் தம்பி சண்டைகள் பலவற்றுக்கு இந்த விதியே காரணம்.

மொத்தம் 35 கட்டங்கள் உள்ளன. அத்துடன், ஆட்டக்காரரே தமது விருப்பப்படி களத்தை அமைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆனால் கேசட்டில் மின்கலம் இல்லாததால், கருவியை அணைத்ததும் அமைத்த களம் அழிந்துவிடும்.

இவ்வளவும் அடங்கிய நிரலின் மொத்த அளவு 24 கிலோபைட் மட்டுமே. அதில் 16 கிலோபைட் ஆட்டத்தை இயக்கும் கட்டளைகள். 8 கிலோபைட் படங்கள். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கும்.

தோற்றம்

நாம்கோ 1980 இல் வெளியிட்ட டேங்க் பட்டாலியன் என்னும் விளையாட்டே இதன் முன்னோடி. அது காசு போட்டு ஆடும் பெரிய கருவிகளுக்கானது. அதை விரிவாக்கி, இருவர் சேர்ந்து ஆடும் வசதியுடன் வீட்டுக் கருவிக்கு ஏற்ப அமைத்ததே பேட்டில் சிட்டி. இதன் இசையை அமைத்தவர் ஜுன்கோ ஒசாவா. நாம்கோவின் தி டவர் ஆஃப் ட்ருவாகா விளையாட்டின் இசையும் இவருடையதே. 1991 இல் டேங்க் ஃபோர்ஸ் என்ற தொடர்ச்சி வெளிவந்தது.

ஃபேமிகாம் கருவி ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று அறிமுகமானது. அமெரிக்காவில் அது என்இஎஸ் என்ற பெயரில், வேறு வடிவில் விற்கப்பட்டது. அமெரிக்க வடிவத்துக்கான பேட்டில் சிட்டி கேசட் அக்காலத்தில் வெளியிடப்படவில்லை. அப்படியிருந்தும் ஆசியா, கிழக்கு ஐரோப்பா, முன்னாள் சோவியத் நாடுகள் எங்கும் இவ்விளையாட்டு பரவியது. அதற்குக் காரணம் நகல் கருவிகள்.

இந்தியாவுக்கு வந்த வழி

அமெரிக்க வடிவத்தில் அனுமதியற்ற கேசட்களைத் தடுக்கும் பூட்டுச் சில்லு ஒன்று இருந்தது. ஜப்பானிய ஃபேமிகாமில் அது இல்லை. எனவே ஃபேமிகாமின் 60 முனைகள் கொண்ட கேசட்டைப் படியெடுப்பது எளிதாக இருந்தது. தைவானில் நகல் சில்லுகள் தயாரிக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு செய்யப்பட்ட கருவிகள் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயரில் விற்கப்பட்டன. ரஷ்யாவில் டெண்டி, போலந்தில் பெகாசஸ், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மைக்ரோ ஜீனியஸ். இந்தியாவில் சாமுராய், லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் போன்ற பெயர்கள் பலருக்கு நினைவிருக்கும்.

ஜப்பானிய அசல் கருவி இந்திய வீடுகளுக்குப் பொருந்தாது என்பதும் நகல்கள் பரவ ஒரு காரணம். அது 100 வோல்ட் மின்சாரத்துக்கானது. நமது வீடுகளில் 230 வோல்ட். அதன் தொலைக்காட்சிச் சமிக்ஞை என்டிஎஸ்சி முறையைச் சேர்ந்தது. இந்தியத் தொலைக்காட்சிகள் பிஏஎல் முறையைச் சேர்ந்தவை. நகல் கருவிகள் இந்த இரண்டு தடைகளையும் நீக்கி, குறைந்த விலையில் வந்தன. கன்னியாகுமரி மாவட்டம் போன்ற பகுதிகளில், வளைகுடா நாடுகளில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் கொண்டுவந்த பொருட்களுடனும் இவை வீடு சேர்ந்தன.

இக்கருவிகளுடன் வந்த கேசட்களில் பேட்டில் சிட்டி தனியாக இருப்பது அரிது. '64 இன் 1', '9999999 இன் 1' என்றெல்லாம் அச்சிட்ட கூட்டுக் கேசட்களில் ஒன்றாகவே அது இருக்கும். உண்மையில் அவற்றில் வெவ்வேறான விளையாட்டுகள் சிலவே இருக்கும். அவையே வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கும்படி மாற்றப்பட்டு, பட்டியலில் திரும்பத் திரும்ப வரும். டேங்க் 1990 என்ற மாற்றப்பட்ட வடிவமும் பரவலாக இருந்தது. அதில் தண்ணீரைக் கடக்க உதவும் படகு, உடனடியாக முழு ஆற்றலும் தரும் துப்பாக்கி ஆகிய பரிசுப் பொருட்கள் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தன. 'எங்கள் கேசட்டில் படகு உண்டு' என்று சொல்பவர் ஆடியது நாம்கோவின் அசல் விளையாட்டு அல்ல என்று இதிலிருந்து அறியலாம்.

விலை எப்படி அமைகிறது?

ஒரு விளையாட்டு எவ்வளவு புகழ்பெற்றது என்பது மட்டும் அதன் விலையை முடிவு செய்வதில்லை. சேகரிப்பாளர்கள் பொதுவாக நான்கு கேள்விகள் கேட்பார்கள்.

முதலாவது, அருமை. எத்தனை பிரதிகள் செய்யப்பட்டன, எத்தனை மிஞ்சியுள்ளன என்பது. 'மென்-ஏ-விஷன்' எனப் பெயரிட்டுக்கொண்ட நிறுவனம் 1982 இல் அட்டாரி 2600 கருவிக்கு ஏர் ரெய்ட் என்ற சுடும் விளையாட்டை வெளியிட்டது. நகரக் கட்டடங்களைக் காத்தபடி மேலிருந்து வரும் கலங்களைச் சுடும் எளிய ஆட்டம் அது. மிகச் சில பிரதிகளே மிஞ்சியுள்ளதால், பெட்டியுடன் கூடிய பிரதி ஒன்று 2010 இல் 31,600 டாலருக்கு விற்றது. ஆட்டம் சிறந்தது என்பதற்காக யாரும் அந்த விலை கொடுக்கவில்லை. ஃபேமிகாமிலும் இப்படி ஒன்று உண்டு. 1992 இல் நடந்த சுடும் விளையாட்டுப் போட்டியை ஒட்டி நக்ஸாட் சாஃப்ட் வெளியிட்ட ரெக்கா, அக்கருவியின் ஆயுள் முடியும் காலத்தில் குறைந்த எண்ணிக்கையில் வந்ததால் இன்று விலை மிகுந்த கேசட்களில் ஒன்றாக இருக்கிறது. பேட்டில் சிட்டியோ ஜப்பானில் பரவலாக விற்ற விளையாட்டு. அதன் அசல் கேசட் இன்றும் எளிதில் கிடைக்கிறது. ஆகவே பெட்டியில்லாத தனிக் கேசட்டுக்குப் பெரிய விலை கிடைப்பதில்லை.

இரண்டாவது, முழுமை. கேசட், அட்டைப்பெட்டி, கையேடு மூன்றும் சேர்ந்திருந்தால் விலை கூடும். குழந்தைகள் கேசட்டை வைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். எனவே பல விளையாட்டுகளில் கேசட்டைவிட அட்டைப்பெட்டியே அரிது.

மூன்றாவது, நிலை. 2021 ஜூலை மாதத்தில் சூப்பர் மரியோ 64 விளையாட்டின் பிரதி ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அந்த விளையாட்டு உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேல் விற்றது. எனவே அது அரிய விளையாட்டு அல்ல. பிரிக்கப்படாத உறையுடன், குறையில்லாத நிலையில் இருந்த அந்த ஒரு பிரதிதான் அரிது. அதே விளையாட்டின் பயன்படுத்திய கேசட் அந்த விலையில் மிகச் சிறு பங்கு கூடப் பெறாது. இத்தகைய ஏலச் செய்திகளைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது.

நான்காவது, உண்மைத்தன்மை. அசல் நிறுவனம் செய்ததா, அனுமதியின்றிச் செய்த நகலா என்பது. நம் நாட்டு வீடுகளில் உள்ள கேசட்களில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடும்.

அசலை அறியும் வழிகள்

பணம் கொடுத்து வாங்குவோர் கீழ்க்கண்டவற்றைச் சரிபார்ப்பது நல்லது.

1. கருவியை இயக்கியதும் நேராக பேட்டில் சிட்டியின் முகப்புத் திரை வர வேண்டும். விளையாட்டுகளின் பட்டியல் வந்தால் அது கூட்டுக் கேசட்.

2. அசலின் முகப்புத் திரையில் நாம்கோவின் பெயரும், பதிப்புரிமை ஆண்டுகளாக 1980, 1985 ஆகிய இரண்டும் இருக்கும். 1980 என்பது முன்னோடியான டேங்க் பட்டாலியனைக் குறிக்கிறது. நகல் செய்தவர்கள் இந்த வரியை நீக்கிவிடுவது வழக்கம்.

3. வெளி ஒட்டுத்தாளின் அச்சு தெளிவாக இருக்க வேண்டும். வேறு விளையாட்டின் படமோ, பல விளையாட்டுகளின் படங்களோ இருந்தால் ஐயப்பட வேண்டும்.

4. உள்ளே உள்ள பலகையில் கறுப்புப் பசைக் குமிழால் மூடிய சில்லு இருப்பது நகல் கேசட்களில் பொதுவானது. ஆனால் சில அசல் கேசட்களிலும் இம்முறை உண்டு. எனவே இதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. மேலும், பல ஃபேமிகாம் கேசட்கள் பிளாஸ்டிக் கொக்கிகளால் பூட்டப்பட்டவை. நெம்பித் திறந்தால் கொக்கி உடைந்து மதிப்புக் குறையும்.

5. விற்பவர் 'மிகவும் பழமையானது' என்று சொல்வதற்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. இந்தியாவின் 1972 ஆம் ஆண்டு தொல்பொருட்கள் சட்டப்படி ஒரு பொருள் தொல்பொருளாகக் கருதப்படப் பொதுவாக 100 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். 1985 இல் வந்த கேசட் அந்த நிலைக்கு வர 2085 வரை காத்திருக்க வேண்டும்.

ஜப்பானிலிருந்து அசல் ஃபேமிகாம் கருவியை வரவழைப்போர், அதன் மின்மாற்றியை நமது 230 வோல்ட் இணைப்பில் நேரடியாகச் செருகக்கூடாது. செருகினால் கருவி பழுதாகும். தீ விபத்தும் நேரலாம்.

பாதுகாக்கும் முறை

கேசட்டின் முதல் எதிரி ஈரப்பதம். பேச்சிப்பாறை போன்ற மலையடிவார ஊர்களில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால், ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் இருக்கும். அணையும் ரப்பர் தோட்டங்களும் சூழ்ந்த இடத்தில் புத்தகத்தில் பூஞ்சை பிடிப்பது போலவே கேசட்டின் ஒட்டுத்தாளிலும் பிடிக்கும். உலோக முனைகளில் களிம்பு ஏறும்.

விளையாட்டு ஓடாவிட்டால் கேசட்டின் வாயில் ஊதுவது நம் அனைவரின் பழக்கமாக இருந்தது. ஊதியபின் சில நேரம் ஓடவும் செய்தது. ஆனால் அதற்குப் பெரும்பாலும் காரணம், கேசட்டை வெளியே எடுத்து மீண்டும் செருகியதால் முனைகள் சரியாகப் பொருந்தியதே. ஊதும்போது எச்சிலின் ஈரம் முனைகளில் படிந்து களிம்பை வளர்க்கிறது. நின்டெண்டோவும் ஊத வேண்டாம் என்றே அறிவுறுத்தியது.

முனைகளைத் துடைக்க, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சி போதும். நன்றாக உலர்ந்த பிறகே செருக வேண்டும். உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் முனைகளின் மேற்பூச்சு போய்விடும். பிறகு, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைக்கலாம். அப்பொட்டலங்களை அவ்வப்போது மாற்ற வேண்டும். வெயில் படும் இடத்தில் வைத்தால் பிளாஸ்டிக் மஞ்சளாகும். ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் அறையின் அருகிலும், ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட் வைத்திருக்கும் இடத்திலும் வைக்கக்கூடாது. அமில ஆவி உலோகத்தை அரிக்கும்.

பேட்டில் சிட்டி கேசட்டில் ஒரு நன்மை உண்டு. ஆட்டத்தைச் சேமிக்கும் மின்கலம் உள்ள பிற கேசட்களில் மின்கலம் தீர்ந்துபோகும். சில வேளைகளில் கசிந்து பலகையைக் கெடுக்கும். இதில் மின்கலம் இல்லாததால் அந்தக் கவலை இல்லை.

பதிப்புரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கருதிப் பாதுகாக்கிறது. எனவே நகல் கேசட்கள் எவ்வளவு பரவலாக இருந்தாலும், அவை உரிமையாளரின் அனுமதி பெறாதவை என்பது உண்மை. நிரலை இணையத்திலிருந்து இறக்கிப் பகிர்வதற்கும் இது பொருந்தும். நம் வீட்டில் உள்ள பழைய கேசட்டை நினைவுப் பொருளாக வைத்திருப்பதும், அதைப் போன்ற புதிய நகல்களைச் செய்து விற்பதும் ஒன்றல்ல.

விலையும் மதிப்பும்

விலை கிடைக்காது என்பதால் நகல் கேசட்டைக் குப்பையில் போட்டுவிடலாம் என்று பொருளில்லை. நாம்கோவின் அசல் விளையாட்டு அழிந்துபோகாது. அதன் பிரதிகள் ஜப்பானில் ஏராளம். அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் உள்ள ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகம் போன்ற நிறுவனங்களும் வீடியோ கேம்களைச் சேகரித்துப் பாதுகாக்கின்றன. அப்படியிருந்தும் நிலைமை நிறைவாக இல்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் முறையாக வாங்கக் கிடைப்பதில்லை என வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023 இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

அசல்களுக்கே இந்த நிலை என்றால், நகல் கேசட்களின் நிலை இன்னும் மோசம். யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள், எத்தனை செய்தார்கள் என்பதற்கு முறையான பதிவுகள் எதுவும் வைக்கப்படவில்லை. ஒரு கூட்டுக் கேசட்டில் இருந்த மாற்றப்பட்ட வடிவம் வேறு எந்தக் கேசட்டிலும் இல்லாமல் போகலாம். ஆனால் ஒரு தலைமுறைத் தமிழ்க் குழந்தைகள் முதன்முதலில் கையில் பிடித்த கணினி இந்த நகல் கருவிதான். இரண்டு பேர் ஒரு கழுகைக் காப்பதற்காகத் தொலைக்காட்சி முன் அமர்ந்த கோடை விடுமுறைகளின் சான்று அது. ஜப்பானில் உள்ள அசல் கேசட்டால் அந்த வரலாற்றைச் சொல்ல முடியாது.

ஆகவே, வீட்டில் பழைய கேசட் கிடைத்தால் மாணவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதன் முன்புறம், பின்புறம், முனைகள் ஆகியவற்றைப் படமெடுக்கலாம். ஓடும் நிலையில் இருந்தால் பட்டியல் திரையையும் படமெடுக்கலாம். எந்த ஆண்டு, எந்த ஊரில், யார் வாங்கியது, என்ன விலை என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதனுடன் வைக்கலாம். அந்தத் தாள் கேசட்டின் விலையை உயர்த்தாது. ஆனால் 30 ஆண்டுகள் கழித்து ஒருவர் அதை எடுத்துப் பார்க்கும்போது, கேசட்டைவிட அதிகம் சொல்லக்கூடியது அந்தத் தாளாகவே இருக்கும்.